ஆண்டறிக்கை: ஃபீல்டு ஒர்க்க பத்தி யார் எழுதுறாங்க?

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். எந்தக் கூட்டம் எப்ப நடந்துச்சு, யாரு வந்தாங்கங்கிறதெல்லாம் மினிட்ஸ் புக்ல இருக்கு, இங்க அத திரும்ப வாசிக்கப் போறதில்ல. மாச வாசிப்புக் கூட்டம் விடாம நடந்துச்சு, பரீட்சை நேரத்துல மட்டும் ஆள் கம்மி, அது எப்பவும் உள்ளதுதான். இந்த வருஷம் புதுசா சேந்தவங்கள்ல ஏஜென்சி பக்கம், அதாவது சேவை நிறுவனங்கள்ல இருந்து சமூகப்பணி ஸ்டூடண்ட்ஸுக்கு களப்பயிற்சி குடுக்கிற ஃபீல்டு சூப்பர்வைசர்கள்தான் நெறைய பேர், எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம், இந்த அறிக்கையும் பெரும்பாலும் அவங்கள சுத்தியே போகும், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

வாசிப்புக்கு எடுத்துக்கிட்டது சமூகப்பணிக் கல்விக்குன்னே வர்ற ஜர்னல்கள், அதாவது ஆய்வுக் கட்டுரை இதழ்கள். பழையதுலருந்து ஆரம்பிச்சோம். அமெரிக்காவுல சமூகப்பணிப் படிப்புக்கு தரம் வகுக்கிற கவுன்சில் ஆன் சோசியல் ஒர்க் எஜுகேஷன் 1952ல உருவாச்சு, அவங்க ஜர்னல் 1965ல வந்துச்சு, 1985லருந்துதான் இப்ப இருக்கிற ஜர்னல் ஆஃப் சோசியல் ஒர்க் எஜுகேஷன்ங்கிற பேரு. பிரிட்டன்லருந்து சோசியல் ஒர்க் எஜுகேஷன்னு ஒண்ணு 1981ல, கிளாஸ்ல எப்படி சொல்லிக்குடுக்கிறதுங்கிறதுக்குன்னே ஜர்னல் ஆஃப் டீச்சிங் இன் சோசியல் ஒர்க் 1987ல. டாட்டா இன்ஸ்டிடியூட்காரங்க நடத்துற இந்தியன் ஜர்னல் ஆஃப் சோசியல் ஒர்க் இதுக்கெல்லாம் முன்னாடி, 1940லயே வந்தாச்சு, ஆனா அது கல்விக்கு மட்டும்னு உள்ளது இல்ல, எல்லாமே வரும்.

இதுல பேச்சு சூடானது ஃபீல்டு எஜுகேஷன், அதாவது ஸ்டூடண்ட்ஸ் ஏஜென்சிக்கு போய் வேல செஞ்சு கத்துக்கிறது, அதுகிட்ட வந்தப்பதான். கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 2005ல சொன்ன ஒரு கருத்து, ஒவ்வொரு தொழிலுக்கும் அதுக்கே உரிய ஒரு பயிற்சி முறை இருக்கும்னு. அந்த கவுன்சில் அத எடுத்து 2008 தர நிர்ணயத்துல, சமூகப்பணிக்கு அந்த முறை ஃபீல்டு எஜுகேஷன்தான்னு எழுதியே வச்சுட்டாங்க. சரி, அவ்வளவு முக்கியம்னா அத பத்தி எழுதுறது யாரு? நாங்க கூட்டத்துல படிச்ச பேப்பர்கள எடுத்து ஆசிரியர் பேருக்கு கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கிட்டே வந்தோம். கிட்டத்தட்ட எல்லாமே காலேஜ், யுனிவர்சிட்டி. வாரா வாரம் ஸ்டூடண்ட உக்கார வச்சு ப்ராசஸ் ரெக்கார்டிங்க, அதாவது கிளையண்ட்கிட்ட நடந்த பேச்ச ஸ்டூடண்ட் அப்படியே எழுதி வைக்கிறத, வரி வரியா படிச்சு, "இந்த இடத்துல கிளையண்ட் அழுதாங்கன்னு எழுதியிருக்க, அப்ப நீ என்ன பண்ணுன?"ன்னு கேக்கிற சூப்பர்வைசர் இருக்காங்களே, அவங்க கடைசி பக்கத்து நன்றி வரியில இருக்காங்க, இல்லன்னா கேள்வித்தாள நிரப்பினவங்க கணக்குல இருக்காங்க. அமெரிக்காவுல சிம்மன்ஸ் காலேஜ்லருந்து 2011ல ஆரம்பிச்ச ஃபீல்டு எஜுகேட்டர்ங்கிற ஜர்னல் மாதிரி காசு கட்டாம படிக்கக்கூடிய ஒண்ணு ரெண்டு இடம் ஃபீல்டு ஆளுங்களுக்குன்னே இருக்கு, நம்ம உறுப்பினர்கள்லயே பாதி பேருக்கு அது தெரியாது.

இன்னொரு கூட்டம் சமூகப்பணி பேராசிரியர் வில்லியம் எப்ஸ்டீன் விவகாரத்துக்கே போயிருச்சு. அவரு ஒரு பொய்யான ஆய்வ எழுதி ரெண்டு விதமா ரெடி பண்ணி, ஒண்ணுல சமூகப்பணியாளர் செஞ்ச தலையீடு பலன் குடுத்துச்சு, இன்னொண்ணுல குடுக்கல, நூத்துக்கும் மேல ஜர்னல்களுக்கு அனுப்பிட்டாரு. பலன் குடுத்துச்சுன்னு சொன்னதுக்குத்தான் வரவேற்பு கூடுதல்ங்கிறது அவரோட முடிவு, அத 1990ல வெளியிட்டாரு. எடிட்டர்களுக்கு செம கோவம், ஏமாத்திட்டாருன்னு நெறிமுறை புகார் வரைக்கும் போச்சு. அவரு செஞ்சது சரியா தப்பான்னு நம்ம கூட்டத்துல ரெண்டு கட்சியாயிட்டாங்க. என் கருத்து, ஏமாத்துனது தப்புதான், ஆனா அவரு தொட்ட இடம் வலிக்கிற இடம். நம்ம துறையில "இந்த பயிற்சி குடுத்தோம், ஸ்டூடண்ட்ஸ் தன்னம்பிக்கை கூடுச்சு"ன்னு முடியிற பேப்பர்தான் அதிகமா கண்ணுல படுது, பயிற்சி குடுத்தோம் ஒண்ணும் மாறலன்னு முடியிறது ரொம்ப அபூர்வம். அதுலயும் தன்னம்பிக்கை கூடுச்சுன்னு சொல்றது ஸ்டூடண்ட்தான், கிளையண்ட்கிட்ட யாரும் கேக்கல.

எழுத்துப் பட்டறை பத்தி. இதுல வந்த டிராஃப்ட்கள்ல ஒண்ண மட்டும் சொல்றேன், எழுதினவங்க அனுமதியோட. பல வருஷமா ஸ்டூடண்ட்ஸ பாத்துக்கிற ஒரு சூப்பர்வைசர் அக்கா, ஸ்டூடண்ட் தன்னோட தடுமாற்றத்த ரெக்கார்டிங்ல மறைக்கிறத எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னு எழுதியிருந்தாங்க. அருமையான விஷயம், எந்த பாடப்புத்தகத்துலயும் நான் படிக்காதது. உரையாடல் எல்லாம் வழவழன்னு எழுத்து நடையில இருந்தா, கிளையண்ட் பேச்சுல ஒரு இடத்துலகூட திக்கல் தயக்கம் இல்லன்னா, அது நடந்தத எழுதினது இல்ல, ராத்திரி உக்காந்து ஜோடிச்சதுன்னு சொல்றாங்க. ஆனா உதாரணத்துக்கு குடுத்திருந்த கேஸ்ல பேர மட்டும்தான் மாத்தியிருந்தாங்க. கண்பார்வை இல்லாத தையல்காரர், இரட்டைப் பிள்ளைங்க, மனைவி இறந்தது பிரசவத்துல. இந்த மூணு விவரத்தையும் சேத்து வச்சா அந்த ஏரியாவுல யாருக்கும் ஆள் தெரிஞ்சிரும். பட்டறையில உக்காந்து அத பிரிச்சோம், தொழில மாத்தி, பிள்ளைங்கள ஒண்ணாக்கி, அக்காவோட கருத்துக்கு தேவைப்படாத விவரத்தையெல்லாம் எடுத்தோம். ரெக்கார்டிங் எழுதின ஸ்டூடண்ட்கிட்டயும் சம்மதம் வாங்கணும்னு முடிவாச்சு, அதுவும் மார்க் போட்டு முடிச்சதுக்கப்புறம்தான் கேக்கணும், மார்க் கையில வச்சுக்கிட்டு கேட்டா யாரு மாட்டேன்னு சொல்லுவா?

அந்த பேப்பர் ஒரு ஜர்னலுக்கு போச்சு. ஜர்னலுக்காக பேப்பர படிச்சு மதிப்பிடுற ரிவ்யூவர் ரெண்டு பேர். ஒருத்தர் உடனே வெளியிடலாம்னு எழுதினாரு, இன்னொருத்தர் சாம்பிள் சின்னது, தியரி எங்கன்னு கேட்டாரு. இது சாம்பிள் வச்சு செஞ்ச ஆய்வே இல்ல, அனுபவத்துலருந்து எழுதினது, அத எடிட்டருக்கு தன்மையா விளக்கி பதில் எழுத உதவி பண்ணியிருக்கோம். ரிவைஸ் பண்ணி அனுப்பியாச்சு, பதில் இன்னும் வரல. ரிவ்யூவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லங்கிறத புதுசா எழுதுறவங்க மனசுல வச்சுக்கணும், அதே சமயம் கோவத்துல அன்னைக்கே பதில் அனுப்பவும் கூடாது.

இந்த மெயில் தொல்லை வேற. "மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்க கட்டுரை கிடைச்சா மூணு நாள்ல வெளியிடுறோம்"னு வருதே, அது எல்லாருக்கும் வருது, பேராசிரியரே இல்லாதவங்களுக்கும் வருது. மூணு நாள்ல ரிவ்யூ நடக்காது, பணத்த மட்டும் வாங்கிட்டு போட்டிருவாங்க, தயவுசெஞ்சு அதுக்கு அனுப்பாதீங்க. ஓப்பன் ஆக்சஸ், அதாவது யாரும் காசு கட்டாம படிக்கலாம்னாலே மோசடின்னும் நினைச்சிராதீங்க, எழுதுறவங்ககிட்டயும் படிக்கிறவங்ககிட்டயும் காசு வாங்காத நல்ல ஜர்னல்கள் இருக்கு. சந்தா கட்டுற ஜர்னல்லயே வந்தாலும், ரிவ்யூ முடிஞ்சு ஏத்துக்கிட்ட வடிவத்த குறிப்பிட்ட காலம் கழிச்சு காலேஜ் ரெப்பாசிட்டரியில, அதாவது காலேஜோட ஆன்லைன் சேமிப்புல, போட பல பதிப்பகங்கள் விடுறாங்க, ஒப்பந்தத்த படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. ஏஜென்சியில உக்காந்திருக்கிற ஆளுக்கு லைப்ரரி லாகின் கிடையாது, அவங்க வேலைய பத்தி வந்த பேப்பரையே அவங்களால தொறக்க முடியல, இத விட அநியாயம் என்ன இருக்கு.

நூலக அலமாரி அப்படியேதான் இருக்கு, எடுத்துட்டு போனவங்க திருப்பி வைங்க.

வர்ற வருஷத்துக்கு செயற்குழு வச்சிருக்கிற தீர்மானம் ரெண்டு. காலேஜ் ஆசிரியரும் ஃபீல்டு சூப்பர்வைசரும் சேந்து எழுதுறப்ப, யாரு பேரு முதல்ல, யாரு எந்த பகுதி எழுதுறாங்கன்னு ஆரம்பத்துலயே ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். டேட்டா மட்டும் குடுத்தா பேரு போட முடியாதுன்னு சொல்லி சூப்பர்வைசர கழட்டி விடுறதுக்கு இதுல இடம் இருக்கக் கூடாது, எழுதுறதுல அவங்களுக்கு பங்கு குடுங்க, அப்ப பேரும் வரும். ரெண்டாவது, பட்டறைய சாயங்காலத்துக்கு மாத்துறது, பகல்ல வச்சா ஏஜென்சி ஆளுங்களால வர முடியல. இதுக்கு மறுப்பு உள்ளவங்க ஓட்டெடுப்புக்கு முன்னாடியே சொல்லிருங்க. கணக்க இப்ப பொருளாளர் வாசிப்பாங்க.