சும்மா போனவரின் முகத்தைக் காட்டாதீர்கள்: மறைகேமரா நிகழ்ச்சி எடுப்பவர்களுக்குத் திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், 'சோஷியல் எக்ஸ்பெரிமென்ட்' என்ற பெயரில் வீடியோ போடும் யூடியூப் சேனல்களுக்கும்,

வணக்கம். மறைகேமரா படப்பிடிப்புகளில் கேமரா, ஒலிப்பதிவு, எடிட்டிங், கள ஏற்பாடு என்று வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் ஒரு பெண்ணிடம் வம்பு செய்கிறான். டீக்கடையில் முதலாளி வேலைக்காரப் பையனை அடிக்கக் கை ஓங்குகிறார். நடைபாதையில் பெரியவர் ஒருவர் சுருண்டு விழுகிறார். இவர்கள் எல்லாரும் நடிகர்கள். சுற்றி நிற்பவர்கள் மட்டும் நிஜம். தட்டிக் கேட்டவருக்குக் கைதட்டலும் சும்மா போனவருக்கு வசையும் வாங்கித் தருவதுதான் இந்த நிகழ்ச்சிகளின் சூத்திரம். கைதட்டல் தாராளமாகக் கிடைக்கட்டும். ஆனால், சும்மா போனவரின் முகத்தைக் காட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பாவம் பார்த்துச் சொல்லவில்லை. அந்தக் காட்சி பெரும்பாலும் பொய் என்பது அதை எடுத்துத் தருகிற எங்களுக்குத் தெரியும்.

எப்படிப் பொய்யாகிறது என்று சொல்கிறோம். வழக்கமான ஏற்பாடு மூன்று கேமரா. எதிர் மாடியிலிருந்து மொத்த இடத்தையும் பிடிக்கும் வைட் ஒன்று, நடிகர்கள் மேல் ஒன்று, சுற்றி நிற்பவர்களின் முகத்துக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து பார்ப்பது பத்துப் பதினைந்து மீட்டர் அகலம்தான். வம்பைப் பார்த்ததும் நடுவில் பாய்பவர்கள் நம் ஊரில் கொஞ்சம் பேர். மற்றவர்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் போய், "அங்க என்னன்னு பாருங்கண்ணே" என்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் நாலு பேரைக் கூட்டி வருவார்கள். தெருமுனை திரும்பியதும் 112-ஐ அழைப்பார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு அதுதான் புத்திசாலித்தனமும்கூட. இதெல்லாம் ஃப்ரேமுக்கு வெளியே நடக்கிறது. கேமராவில் பதிவாவது, பார்த்துவிட்டு நடையைக் கட்டிய ஒரு முதுகு. அதன் மேல்தான் 'மனிதநேயம் செத்துவிட்டதா?' என்று எழுத்து ஓடவிடுகிறீர்கள்.

இதற்குத் தீர்வு இருக்கிறது, செலவும் பெரிதில்லை. இடத்தைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு வழியிலும், முப்பது நாற்பது மீட்டர் தள்ளி, ஓர் ஆளை நிறுத்துங்கள். கடந்து போகிறவரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேட்கட்டும்: அங்கே நடந்ததைக் கவனித்தீர்களா? என்னவென்று நினைத்தீர்கள்? யாரிடமாவது சொன்னீர்களா? பதிலை நேரத்தோடு குறித்துக்கொள்ளட்டும். எடிட் மேசைக்கு அந்தத் தாள் வராமல், யாரையும் 'கண்டுகொள்ளாதவர்' என்று முடிவு கட்ட வழியே இல்லை.

அடுத்தது ஒலி. நடிகர்களின் சட்டைக்குள் லேப்பல் மைக் இருப்பதால், வசனம் காதோரத்தில் பேசுவதுபோலத் தெளிவாகப் பதிவாகும். பத்தடி தள்ளி, டவுன் பஸ் ஹாரனுக்கு நடுவே நின்றவருக்குப் பாதி வார்த்தைகூடக் கேட்டிருக்காது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார். வீட்டில் பார்ப்பவரோ, "இவ்வளவு கேட்டும் கல்லு மாதிரி நிக்கிறானே" என்பார். சுற்றி நிற்பவர்கள் இருக்கும் தூரத்தில், ஒரு கூடைக்குள்ளோ பெஞ்சுக்கு அடியிலோ தனி ரெக்கார்டர் ஒன்றை வையுங்கள். ஒளிபரப்பில் ஒரு தடவையாவது அந்த ஒலியை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது எடிட்டிங். நடிகை அழும் இடத்தில், போனைப் பார்த்துச் சிரிக்கும் ஓர் இளைஞரின் குளோஸ் ஷாட் வருகிறது. அது நடிப்பு தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு எடுத்ததாக இருக்கலாம். வேறு டேக்காகவும் இருக்கலாம். எடிட்டர்கள் கதைப்படத்தில் தினமும் செய்யும் வேலைதான் இது, அங்கே தப்பில்லை. இங்கே அது ஒரு நிஜ மனிதரின் பெயரைக் கெடுக்கும் வேலை. எல்லாக் கேமராக்களின் காட்சியையும் ஒரே நேரத்துக்குப் பொருத்த உதவும் கிளாப்பை மறைகேமராவில் அடிக்க முடியாது என்பதால், கிளம்பும் முன்பே வேனுக்குள் எல்லாக் கேமராக்களின் டைம்கோடையும், அதாவது காட்சியோடு பதிவாகும் நேரக் குறியீட்டையும், ஒன்றாக்கிவிட வேண்டும். வெட்டும்போது மூன்று கோணமும் ஒரே வினாடியில் இருக்க வேண்டும். திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றைக் காட்டுங்கள். கடிகாரம் குதித்தால் பார்ப்பவரே கேட்பார்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், முடிவைத் தீர்மானிப்பது கடந்துபோனவரின் குணம் அல்ல, நீங்கள் போட்ட மேடை. 1969-இல் வெளியான நியூயார்க் சுரங்க ரயில் ஆய்வு ஒன்றை உங்கள் திரைக்கதைக் குழு படிக்க வேண்டும். பிலியாவின், ரோடின் குழுவினர் செய்தது. அடுத்த நிறுத்தம் வரச் சுமார் ஏழரை நிமிடம் ஆகும் பாதையில், வண்டி கிளம்பிய 70 வினாடியில் ஆய்வுக் குழுவின் ஆள் ஒருவர் விழுவதுபோல நடிப்பார். கையில் ஊன்றுகோல் இருந்த 65 தடவையில் 62 தடவை, பயணிகள் தாமாகவே உதவினார்கள். சாராய நாற்றமும் பையில் சுற்றிய பாட்டிலுமாக விழுந்த 38 தடவையில் 19 தடவைதான் உதவினார்கள். அதே ரயில், அதே மாதிரியான பயணிகள். ஒரு பாட்டிலை மாற்றினால், 'நியூயார்க்கர் நல்லவர்' என்றும் எடுக்கலாம், 'கெட்டவர்' என்றும் எடுக்கலாம். 1973-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பாதிரியார் பயிற்சி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் அவசரம் ஒன்றே போதுமானதாக இருந்தது: நேரம் நிறைய இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் வழியில் கிடந்தவருக்கு உதவினார்கள், தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். காலை ஒன்பது மணிக்கு மின்சார ரயில் நிலைய வாசலில் கேமராவை வைத்துவிட்டுச் சென்னைவாசியின் மனசாட்சியைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்?

கூட்டம் கூடினால் யாரும் உதவ மாட்டார்கள் என்ற வசனத்தையும் தொகுப்பாளர் வாயில் வைக்காதீர்கள். ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 நிஜத் தகராறுகளை ஆய்வாளர்கள் சிலர் 2019-இல் ஆராய்ந்து எழுதினார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தகராறுகளில் யாராவது ஒருவராவது குறுக்கே வந்திருக்கிறார். கூட்டம் கூடக்கூட, யாரோ ஒருவர் வரும் வாய்ப்பும் கூடியிருக்கிறது.

இனி களம். இந்தப் பாணிக்கு இன்று எல்லாரும் காட்டும் முன்மாதிரி, அமெரிக்க ஏபிசி தொலைக்காட்சியில் 2008 முதல் தொடராக வந்த 'வாட் வுட் யூ டூ?' நிகழ்ச்சி. மறைவில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும் தொகுப்பாளர் ஜான் கினோனெஸ் வெளியே வந்து, இது நடிப்பு என்று சொல்லிப் பேசத் தொடங்குவார். நம் ஆட்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது மைக்கோடு ஓடிவரும் அந்தக் கடைசி நிமிடத்தை. ரத்தம் சூடாகி, கை ஓங்கிவிட்ட ஒருவரிடம், எங்கிருந்தோ நாலு பேர் ஓடிவந்து "பிராங்க், பிராங்க்!" என்று கத்தினால், முதல் அடி கேமராமேனுக்குத்தான் விழும். விழவும் செய்கிறது.

நிறுத்தும் முறையைக் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். நடிகரிடமிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், சாதாரண உடையில் ஒரு பாதுகாப்பாளர் இருக்க வேண்டும். அவர் வேலை அது ஒன்றுதான். டீ வாங்கிவர அனுப்பக் கூடாது. நடிகருக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு நிறுத்துச் சொல், இயல்பான பேச்சில் வராத சொல். ஒரு டேக் தொண்ணூறு வினாடிக்கு மேல் போக வேண்டாம். யாராவது கையை ஓங்கினாலோ, கல்லையோ கட்டையையோ தேடினாலோ, போனில் போலீஸிடம் பேசத் தொடங்கினாலோ, குழந்தை அழுதாலோ, வயதானவர் நெஞ்சைப் பிடித்தாலோ, வினாடிக் கணக்குப் பார்க்காமல் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும், 'வில்லன்' நடிகர்தான் முதலில் விலகி, இரண்டு கையையும் வெளியே காட்டியபடி பின்னால் போக வேண்டும். பாதுகாப்பாளர் கோபமாக இருப்பவரை ஓர் ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொல்லட்டும். தொகுப்பாளரும் திறந்த கேமராவும் வருவது அதற்கும் பிறகு, அவர் சரி என்றால் மட்டும். 112-க்கு அழைப்பு போயிருந்தால் நீங்களே திருப்பி அழைத்து, நடந்ததைச் சொல்லி ரத்து செய்யுங்கள். காவல் நிலையத்துக்கு முந்தின நாளே இடம், நேரம், நடிகர் எண்ணிக்கை, பொறுப்பாளரின் கைபேசி எண் எழுதிய கடிதம் போயிருக்க வேண்டும். கடையின் உள்ளே எடுத்தால் உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். ரயில் நிலைய எல்லைக்குள் எடுக்க ரயில்வேயின் அனுமதி தனி.

இடையே சின்னச் சின்ன விஷயங்கள். வேனுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி உள்ளேயிருந்து எடுக்கும் யோசனை வேண்டாம். 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்தது, போக்குவரத்துப் போலீஸ்தான் முதலில் உங்களைக் கண்டுபிடிப்பார். அட்டைப்பெட்டி அடுக்கு, மாடிப் பால்கனி, கடைக் கல்லாவின் பின்புறம் ஆகியவை போதும். ரெக்கார்டிங் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள். ஆட்கள் குறுக்கே போகும்போதெல்லாம் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், கையால் வைத்துவிடுங்கள். ஒரு டேக் முடிந்தால், அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் கலையும்வரை அடுத்ததைத் தொடங்காதீர்கள். விஷயம் தெரிந்து ஓரமாக நின்று சிரிப்பவரைத்தான் அடுத்த டேக்கில் 'வேடிக்கை பார்த்த கல் நெஞ்சக்காரர்' ஆக்குகிறீர்கள்.

சம்மதப் படிவம் இரண்டு கட்டமாக இருக்கட்டும். அதிர்ச்சியில் இருப்பவரிடம் அங்கேயே வாங்கும் கையெழுத்துக்கு மதிப்புக் குறைவு. தொகுத்த காட்சியை அவருக்கு அனுப்பி, மூன்று நாள் அவகாசம் கொடுத்து, மறுபடி கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, அதையே பதிவு செய்யுங்கள். சம்மதம் தராதவருக்கு முகத்தை மட்டும் மங்கலாக்கினால் போதாது: சட்டை, வண்டி எண், குரல், பின்னாலிருக்கும் கடைப் பலகை இவற்றை வைத்தே ஊர்க்காரர்கள் ஆளைச் சொல்லிவிடுவார்கள். மங்கலாக்காமல் அவர் முகத்தைத் தம்ப்நெயிலில் வைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. 'பொது இடம்தானே' என்ற பதில் எங்கள் காதுக்கு வந்திருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017-இல். அவதூறுச் சட்டமும் இன்னும் இருக்கிறது. வழக்கு வந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

எடுக்கவே கூடாதவையும் சில உண்டு. கத்தி, துப்பாக்கி, கேட்பாரற்ற பை, நடுச்சாலை விபத்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டும் வசனம். நடிகர் சொன்னாலும், கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு அந்த வசவு நிஜம். குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வைப்புநிதியாகப் போக வேண்டும்.

குழந்தைக் கடத்தல் காட்சியை எந்த விதியோடும் எடுக்காதீர்கள். கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம் ஒன்றில், பைக்கில் வரும் இருவர் ஒரு பையனைத் தூக்கிப்போய், உடனே திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவார்கள். 2018-இல் அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டு, மீதியை நிஜக் கடத்தல் என்று இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். கடத்தல் வதந்தி பரவியிருந்த அதே ஆண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்து குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த சென்னைப் பெண்மணி ஒருவரைப் போளூர் அருகே கூட்டம் அடித்தே கொன்றது. 'இது நடிப்பு' என்ற அட்டையை முடிவில் வைப்பவர்கள், ஷார்ட்ஸில் வெட்டும்போது முதலில் போவது முடிவுதான் என்பதை யோசிப்பதில்லை. அந்தச் சொல் படத்தின் ஒவ்வொரு ஃப்ரேமிலும், நடிகர்களின் மேலேயே, வெட்டி எறிய முடியாத இடத்தில் பதிந்திருக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களும் நடிகர்கள்தான் என்றால், அதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்கிறோம்: களத்தில் பாதுகாப்பாளர் நிறுத்து என்றால் இயக்குநர், தயாரிப்பாளர், சேனல் யாரும் அதை மீறித் தொடரக் கூடாது, அன்றைய சம்பளம் அதனால் பிடிக்கப்படவும் கூடாது. அந்த வரி இல்லாத படப்பிடிப்புக்கு இனி நாங்கள் வருவதாக இல்லை.

இப்படிக்கு,
மறைகேமரா நிகழ்ச்சிகளில் பணிபுரியும் கேமரா, ஒலி, எடிட்டிங், களப் பணியாளர்கள் சிலர்