உன் பதிவுப் படிவத்தைப் பார்த்தேன், மகள்

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அம்மாவும் பக்கத்தில் வந்து இருந்தா. "நிறம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டா. நான் முதல் பெட்டியிலேயே நின்றுவிட்டேன். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி, இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம். எங்கள் வீட்டில் யாருக்குப் பிள்ளை குடும்பப்பெயர் இருக்கிறது? மெல்பேர்ணில் இறங்கிய அன்று, உன்னை என் பெயரால் கூப்பிட்டார்கள் என்று நீதானே சிரித்துச் சொன்னாய். கொழும்பில் நீ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடத்துகிற வழிகாட்டல் நாளுக்கு, இங்கே எல்லாப் படிவத்திலும் இருக்கிற மாதிரி 'முழுப்பெயர்', 'முதலெழுத்துகளுடன் பெயர்' என்று போட்டால் போதும். பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கம்.

அப்பா ஏன் இவ்வளவு நோண்டுகிறார் என்று நினைப்பாய். ஒரு கதை சொல்கிறேன். அம்மாவுக்கும் இதுவரை சொன்னதில்லை.

2011இல் உயர்தரக் கணிதப் பிள்ளைகளுக்கு ஒருநாள் இலவசக் கருத்தரங்கு வைத்தோமே, ஞாபகம் இருக்கா? நீ வாசலில் நின்று தண்ணீர்ப் போத்தல் கொடுத்தாய். அதற்கு முந்திய வருடங்களில் பதிவெல்லாம் தடித்த சி.ஆர். கொப்பியில் கையால் எழுதித்தான். அந்த வருடம் எனக்குப் புதுப் பவிசு, எல்லாவற்றையும் எக்செலில் போட்டேன். 340 பேர் பதிந்திருந்தார்கள். கதிரை 180. பெயர்களை அகரவரிசையில் அடுக்கினால் தேட வசதி என்று, பெயர் நிரலை மட்டும் தெரிந்தெடுத்து அடுக்கினேன். பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று அது கேட்டது. எனக்கு அவசரம். வேண்டாம் என்பதை அமத்தினேன். அவ்வளவுதான். பெயர்கள் எல்லாம் இடம் மாறிப் போயின, தொலைபேசி எண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அது தெரியாமல், ஆசிரியர்கள் சிபாரிசு செய்த 180 பெயரையும் தேடித் தேடி அடையாளம் போட்டு, பக்கத்தில் இருந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பினேன். 'உங்கள் இடம் உறுதி, காலை 8 மணிக்கு வரவும்.' மெசேஜில் பெயர் இல்லை. பெயர் போட்டிருந்தால் யாராவது ஒரு பிள்ளை அன்றைக்கே எடுத்துக் கேட்டிருக்கும்.

காலையில் மேசை போட்டு உட்கார்ந்தால், வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெயருக்கு அடையாளமே இல்லை. போனை நீட்டிக் காட்டுகிறார்கள், என் மெசேஜ்தான். ஹட்டனில் இருந்து இரவு ரயிலில் வந்த ஒரு பெடியனை அரை மணித்தியாலம் ஓரமாக நிற்க வைத்தேன். பையை நிலத்தில் வைக்காமல் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றான். பிழை என்னுடையது என்று விளங்கியதும் எல்லோரையும் உள்ளே விட்டேன். மண்டபம் நிறைந்தது, கதிரையும் போதுமாக இருந்தது. வெளியில் இருந்து பார்த்தவருக்கு ஒரு குறையும் தெரியாது. நன்றியுரையில் என் ஒழுங்கமைப்பைப் பாராட்டினார்கள்!

வந்து நின்றவர்களுக்கு ஒரு வழி பண்ணிவிட்டேன். தெரிவாகியும் மெசேஜ் கிடைக்காமல் வீட்டில் இருந்தவர்களை நான் காணவே இல்லை. சில கிழமை கழித்துக் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் ஒரு பிள்ளை வந்து கேட்டாள், "சேர், என்னை ஏன் எடுக்கேல்லை?" அவள் பெயர் அந்த 180இல் இருந்தது. "இடம் முடிஞ்சுது பிள்ளை" என்று பொய் சொன்னேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் கொடு. பெயரும் போனும் பாடசாலையும் அந்த எண்ணோடு ஒட்டியே திரியட்டும். போகிற மெசேஜ் ஒவ்வொன்றிலும் பெயரும் எண்ணும் இருக்கட்டும். தெரிவாகாத பிள்ளைக்கும் ஒரு மெசேஜ் கட்டாயம் போக வேண்டும். உன் படிவத்தில் அது இல்லை, தேடிப் பார்த்தேன்.

கடைசி இடத்துக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் அமத்தினால் என்ன நடக்கும் என்று கேட்டதற்கு, எண்ணிப் பார்ப்பதும் இடம் கொடுப்பதும் ஒரே மூச்சில் நடக்கிற மாதிரிக் கட்டியிருக்கிறேன் என்றாய். சரி, அது உன் வேலை, நான் தலையிடவில்லை.

ஆனால் அடையாள அட்டை இலக்கம் எதற்கு? ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு அட்டையே இருக்காது. அதோடு, அந்த இலக்கத்திலேயே ஆளின் விவரம் இருக்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதில் 500 கூட்டியிருக்கும். வழிகாட்டல் நாளில் கதிரை போட இதெல்லாம் வேண்டுமா? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமே வந்துவிட்டது. கேட்காத விவரத்தைப் பூட்டிவைக்கவும் தேவையில்லை. அந்தப் பெட்டியை எடுத்துவிடு.

ஒரு ஈமெயிலுக்கு ஒரு பதிவு என்று வைத்திருக்கிறாய். மலையகத்தில் ஒரு ரீச்சர் தன் போனில் முப்பது பிள்ளைகளைப் பதிவார். இரண்டாவது பிள்ளையிலேயே உன் பக்கம் அவரைத் துரத்திவிடும். போன் எண்ணை எக்செலுக்கு இறக்கினால் முன்னால் இருக்கிற பூச்சியம் காணாமல் போகிறது, அதையும் பார். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருகின்றனவா என்றும் ஒருக்கால் இறக்கிப் பார்.

'நள்ளிரவு 12 மணிக்குப் பதிவு முடியும்' என்று இருக்கிறது. யாருடைய நள்ளிரவு? மெல்பேர்ண் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முந்தி, கோடையில் ஐந்தரை. 1996 மே மாதம் இங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே, 2006 ஏப்ரலில் பழையபடி. தாத்தா தன் மணிக்கூட்டைத் தொடவே விடவில்லை. பத்து வருடமும் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். 'இலங்கை நேரம்' என்று இரண்டு சொல் போட்டுவிடு.

திருத்தியதும் எனக்கு அனுப்பு. ஆனந்தபவன் மேசையில் இருந்து, சிக்னல் இல்லாத மூலையில், பதிவு பட்டனை நாலு தரம் அமத்திப் பார்க்கிறேன். அம்மா தன் உடைந்த போனில் ஈமெயில் இல்லாமல் பதிந்து பார்ப்பா. இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தால் சொல்கிறோம்.

மிளகாய்த்தூள் பார்சல் வியாழக்கிழமை போட்டாச்சு.

அன்புடன்
அப்பா