கிறிஸ்து பிறப்பு விழாவை முன்னிட்டுப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புமிகு பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள்ளாகவே வீடுகளில் கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடுவதைப் பிள்ளைகளின் பேச்சிலிருந்து அறிகிறோம். வீட்டுக்கு வெள்ளையடிப்பது, இராமநாதபுரம் சென்று ஜவுளி எடுப்பது, பலகாரம் சுடுவது, ஸ்டார் கட்டுவது, இரவுதோறும் கேரல் பவனி என்று டிசம்பர் மாதம் ஓடிவிடுகிறது. வாடைக்காற்று வலுத்துப் படகுகள் கரையிலேயே கிடக்கும் நாள்களும் இதே மாதத்தில் வருவதால், வரவு குறைந்த நேரத்தில் செலவு கூடுகிற நெருக்கடி நம் கரையோர வீடுகளுக்குப் புதிதன்று. இவற்றைக் குறை கூற இக்கடிதம் எழுதப்படவில்லை. இத்தனை வேலைக்கும் நடுவே விழாவின் பொருளுக்கும் சிறிது இடம் ஒதுக்கித் தருமாறு கேட்கவே எழுதுகிறேன்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தின்படி, முதல் கிறிஸ்து பிறப்பே பரபரப்பின் நடுவில்தான் நிகழ்ந்தது. அகுஸ்து சீசரின் கட்டளைப்படி பெயரைப் பதிவுசெய்ய மக்கள் அவரவர் ஊருக்குச் சென்றுகொண்டிருந்த வேளையில், விடுதியில் இடம் கிடைக்காமல் மரியா தம் மகனைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார். நம் நாடகங்களில் கதவை அறைந்து சாத்தும் விடுதிக்காரர் நற்செய்தியில் இல்லவே இல்லை. (பெரிய மீசை ஒட்டிக்கொண்டு அந்த வேடம் கட்ட மாணவர்களிடையே எப்போதும் போட்டிதான்.) அவர்களை யாரும் விரட்டியதாக லூக்கா எழுதவில்லை, இடம் இல்லை என்று மட்டுமே எழுதுகிறார். நம் வீடுகளிலும் கிறிஸ்துவை யாரும் வேண்டுமென்றே ஒதுக்குவதில்லை, வேலைகள் நிரம்பிவிடுகின்றன, அவ்வளவுதான். எனவே இவ்வாண்டு நாடகத்தில் விடுதிக்காரர் வேடம் இடம்பெறாது.

அந்தச் செய்தி முதலில் சென்றதும் ஓய்வில் இருந்தவர்களிடம் அன்று. இரவில் வலை விட்டுவிட்டுக் கடலில் விழித்திருக்கும் நம் மீனவர்களைப் போல, கிடையைக் காத்து விழித்திருந்த இடையர்களுக்கே அது சொல்லப்பட்டது. கடவுள் மனிதரானார் என்பதும், அதற்கு எளியவர்களின் நடுவையே தேர்ந்துகொண்டார் என்பதும்தான் கிறிஸ்தவ விசுவாசத்தில் இவ்விழாவின் பொருள். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னரே.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் சிறியது. 24ஆம் தேதி மாலை, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்படும் முன், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, லூக்கா நற்செய்தியின் அந்த இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களைப் பிள்ளைகளில் ஒருவர் உரக்க வாசிக்க, வீட்டார் அனைவரும் உட்கார்ந்து கேளுங்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்ததை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்து வந்த கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடோ, இலங்கைச் சிறையில் ஒருவர் இருக்கும் வீடோ உங்கள் தெருவில் இருந்தால், பலகாரத் தட்டு முதலில் அங்கே போகட்டும். அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

பிற சமயப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை விழாவுக்கு அனுப்பிவருவது எங்களுக்கு மகிழ்ச்சி. ஈசா நபி என்று இஸ்லாமியர் அழைக்கும் இயேசுவின் பிறப்பைத் திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம் கூறுவதை இஸ்லாமிய மாணவர்களே வகுப்பில் எடுத்துச் சொல்கிறார்கள். வழிபாட்டில் பங்கேற்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்.

பள்ளி விழாவுக்கு மாணவர்கள் சீருடையில் வந்தால் போதும். புத்தாடைக்காக எவரும் கடன் வாங்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். பரிசுப் பொருள் பரிமாற்றமும் இவ்வாண்டு கிடையாது. மனமிருப்பவர்கள் அரிசியோ பருப்போ கொடுத்தனுப்பலாம், கொடுத்தவர் பெயர் எங்கும் வாசிக்கப்படாது.

பனையோலை வேய்ந்த நம் பள்ளிக் கிறிஸ்துமஸ் குடிலில் தீவனத் தொட்டி ஏன் வெறுமையாக இருக்கிறது என்று சென்ற ஆண்டு சிலர் கேட்டனர். விடுமுறை விடும் நாள், கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்திற்குள் வருவதால், குழந்தை இயேசுவின் சுரூபத்தை விடுமுறைக்கு முன்பே வைப்பதில்லை. 24ஆம் தேதி இரவுதான் அது வைக்கப்படும். கிறிஸ்து பிறப்புக் காலம் 25ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிக்கிறது. எனவே பள்ளி திறந்த பின்னும் குடில் கலைக்கப்படாது. பெற்றோரும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்