மதம் என்ற கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜெர்மனி போனதும் படிவத்தில் மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நேற்று போனில் நீ கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை, அதான் எழுதுகிறேன். கோத்தகிரியில் காலையிலிருந்து கரண்ட் இல்லை, பனிமூட்டத்தில் கடைக்கும் ஆள் வரவில்லை.

பாஸ்போர்ட்டுக்காகக் கோயம்புத்தூருக்கு இரண்டு தரம் அலைந்தோமே, இனிஷியலை விரித்து எழுதத்தான் பாடாய்ப் படுத்தினார்கள், மதத்தை யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் கேட்பார்கள். போனதும் முகவரியைப் பதிகிற படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. கத்தோலிக்கர் என்று எழுதினால் சர்ச் வரி பிடிப்பார்கள். ஆனால் உன் தோழிகள் பயமுறுத்துகிற மாதிரி அது சம்பளத்தில் 9 சதவீதம் இல்லை, வருமான வரியில் 9 சதவீதம், பவேரியா உட்பட இரண்டு மாநிலங்களில் 8. மாதம் 300 யூரோ வரி என்றால் சர்ச்சுக்கு 27.

எனக்கு இந்தக் கட்டம் புதிதில்லை. உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதிச் சான்றிதழுக்காக நின்றேன். எஸ்சி பட்டியலுக்கான 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்சி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், நம்மைச் சேர்க்கவில்லை. தாத்தா ஞானஸ்நானம் வாங்கியதும் அவர் ஊர் டீக்கடைக்காரர் தனி டம்ளரை எடுத்து வைத்துவிட்டாரா என்ன! “இந்துன்னு போட்டுக்கோங்க, யார் வந்து பார்க்கப்போறா” என்று கிளார்க்கே சொன்னார். பெரியப்பா அப்படித்தான் போட்டார், அவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வந்தது. நான் போடவில்லை. கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிசி என்று கிடைத்தது. உன் காலேஜ் ஃபீஸுக்கு நகையை அடகு வைத்த அன்று அம்மா என்னைப் பேசிய பேச்சு இருக்கிறதே, சரி, அது இப்போது எதற்கு.

நான் எழுதினேன் என்பதற்காக நீயும் எழுத வேண்டாம். நீ பூசைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது என்று எனக்கும் தெரியும், ஃபாதருக்கும் தெரியும். நம்பிக்கை போய்விட்டதென்றால் இல்லை என்றே எழுது, கோபப்பட மாட்டேன். அந்த 27 யூரோவுக்காக மட்டும் அப்படி எழுதிவிட்டு, கிறிஸ்துமஸ் அன்று கோயில் வாசலில் நிற்கிற போட்டோவை எனக்கு அனுப்பாதே.

எதற்கும் இருக்கட்டும் என்று ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வாங்கினேன். அதிலும் உன் பெயரில் ஓர் எழுத்து தப்பு! ஞாயிறு பூசைக்கப்புறம் வரச் சொல்லியிருக்கிறார்கள், திருத்தி வாங்கி கூரியரில் போடுகிறேன். அம்மா வர்க்கி ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள், பெட்டியில் இடம் விடு.

அப்பா