மீதிக் கதையையும் காட்டுங்கள்: அனிமே தயாரிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று பல தரப்பினர் பங்கு போட்டு ஜப்பானிய அசைபடமான அனிமே தொடர் ஒன்றுக்குப் பணம் திரட்டுகிறீர்கள். எந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) திரைக்கு வரும், எத்தனை எபிசோடு ஓடும், கதை எந்த இடத்தில் நிற்கும் என்பதெல்லாம் உங்கள் மேசையில்தான் முடிவாகிறது. வரைபவர்களுக்கும் இயக்குபவர்களுக்கும் அதில் பெரிய குரல் இருப்பதில்லை. அதனால்தான் அவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. பெண்கள் இருவரின் காதலைச் சொல்லும் யூரி கதைகளைத் தேடிப் படித்து, பார்த்து, தமிழிலேயே விவாதிக்கும் வாசகர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் மனத்தில் உள்ளதும் இதுதான் என்று நம்புகிறேன்.

என் குறை ஒன்றே ஒன்று. காதல் தொடங்குவதை அவ்வளவு அழகாகக் காட்டுகிறீர்கள். அது வாழ்க்கையாக மாறும் இடம் வந்ததும் நிறுத்திவிடுகிறீர்கள்.

எங்கள் தொல்காப்பியம் காதலைக் களவியல், கற்பியல் என்று இரண்டு இயல்களில் பேசும். ஊருக்குத் தெரியாமல் சந்தித்துத் தவிப்பது முதலாவது. ஊரறியச் சேர்ந்து வாழ்ந்து, ஊடி, ஊடல் தீர்ந்து, பிரிந்தவர் வரும் வழி பார்த்திருப்பது இரண்டாவது. இரண்டும் சேர்ந்தால்தான் காதல் முழுமை என்று எண்ணி வளர்ந்த வாசகருக்கு, உங்கள் யூரித் தொடர்களில் இரண்டாவது இயல் கிழித்து எடுக்கப்பட்டிருப்பது உடனே தெரிந்துவிடும்.

நியோ நகாதானியின் 'யாகாதே கிமி நி நாரு' மங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் 2019 வரை வெளிவந்து எட்டுப் பாகங்களில் முடிந்த கதை. காதல் பாட்டுகளும் கதைகளும் சொல்லும் படபடப்பு தனக்கு மட்டும் ஏன் வருவதில்லை என்று குழம்பும் பள்ளி மாணவி யூ. அவளிடம், உன்னைக் காதலிக்கிறேன், ஆனால் நீ என்னைக் காதலித்துவிடாதே என்று கெஞ்சும் தோகோ. இறந்துபோன அக்காவைப் போலவே வாழ முயன்று தன்னையே வெறுக்கும் ஒரு பெண்ணுக்கு, பிறர் அன்பு ஏன் அச்சமூட்டுகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதிய காதல் கதைகள் எந்த மொழியிலும் குறைவு. 2018இல் திரோய்கா ஸ்டுடியோ அதைப் பதிமூன்று எபிசோடு அனிமேயாக எடுத்தது. ரயில் தண்டவாளத்தின் குறுக்கே நிகழும் அந்த முதல் முத்தத்தையும், யூவின் மனம் நீருக்கடியில் இருப்பதுபோல் தீட்டப்பட்ட காட்சிகளையும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

அந்தத் தொடர் எங்கே நின்றது? பள்ளி விழாவில் போடவிருக்கும் நாடகத்தின் முடிவு தோகோவுக்குத் தீங்கு செய்யும் என்று உணர்ந்து, அதை மாற்றி எழுதச் சொல்லி யூ ஓடுகிறாள். முடிவு மாற்றி எழுதப்படுகிறது. ஒத்திகை நடக்கிறது. நாடகம் மேடையேறும் முன்பே அனிமே முடிந்துவிட்டது. யூ தன் வாயால் காதலைச் சொல்லும் இடம் அதற்கும் பின்னால்தான் வருகிறது. அதாவது அனிமேயை மட்டும் பார்த்தவருக்கு, காதல் வருமா வராதா என்று ஏங்கிய கதாநாயகிக்கு என்ன விடை கிடைத்தது என்பதே தெரியாது. மங்காவின் கடைசி அத்தியாயத்தில் இருவரும் கல்லூரி மாணவிகள்; விரலில் மோதிரம் இருக்கிறது; அவர்கள் உறவு நண்பர்களுக்குச் சாதாரணச் செய்தி. அந்த அத்தியாயத்தில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அதுதான் அதன் அருமை. பெரிதாக எதுவும் நடக்காத ஒரு நாளை இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதை நாங்கள் திரையில் பார்க்கவே முடிவதில்லை.

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. நள்ளிரவில் ஒளிபரப்பாகும் பன்னிரண்டு எபிசோடு என்பது பல சமயம் மங்கா விற்பனைக்கான விளம்பரம். மங்கா முடிந்துவிட்டால் விளம்பரத்துக்குத் தேவையில்லை. இரண்டாம் சீசனுக்குப் பணம் போட யாரும் முன்வருவதில்லை. ஆண் பெண் காதல் கதைகளும் இப்படிப் பாதியில் நிற்கின்றன என்று நீங்கள் சொல்லலாம். உண்மை. ஆனால் அங்கே தொடர்கள் ஏராளம்; சில பாதியில் நின்றாலும் பார்க்க வேறு கதைகள் இருக்கும். இங்கே வருவதே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அதில் ஒன்று பாதியில் நின்றால் பார்வையாளருக்கு வேறு போக்கிடம் இல்லை.

இந்தப் பாதி நிறுத்தத்துக்கு ஒரு நீண்ட வரலாறும் இருக்கிறது. அது தெரிந்தவர்களுக்குத்தான் வலி அதிகம். ஜப்பானிய எழுத்தாளர் நொபுகோ யோஷியா 1916இல் எழுதத் தொடங்கிய 'ஹனா மொனொகதாரி' கதைகளில், பெண்கள் பள்ளியில் மலரும் நேசம் பெரும்பாலும் கண்ணீரில் முடிகிறது. பள்ளிப் பருவம் முடியும். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகும். இன்னொருத்தி கடிதத்தை மார்போடு அணைத்துக்கொள்வாள். 1971இல் ரியோகோ யமகிஷி வரைந்த 'ஷிரோய் ஹெயா நோ ஃபுதாரி', யூரி மங்காவின் முன்னோடிகளில் ஒன்று; அதில் இருவரில் ஒருத்தி கொலையுண்டு சாகிறாள், மற்றவள் இனி யாரையும் காதலிப்பதில்லை என்று முடிவெடுக்கிறாள். பிரிவு அல்லது சாவு. பல பத்தாண்டுகளுக்கு வாசகிகளுக்குக் கிடைத்த முடிவுகள் பெரும்பாலும் இவைதான்.

ஆனால் அதே யோஷியா, ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே, 'யானேஉரா நோ நிஷோஜோ' என்ற நாவலில் மாடி அறையில் வசித்த இரண்டு பெண்களைச் சேர்ந்து வாழும் முடிவோடு வெளியே அனுப்பிவைத்தார். வாழ்ந்தும் காட்டினார். சியோ மொன்மா என்ற ஆசிரியையை 1923இல் சந்தித்தார். 1973இல் யோஷியா இறக்கும்வரை அந்த உறவு நிலைத்தது. இருவரையும் இணையர் என்று ஏற்கச் சட்டம் இல்லாததால், 1957இல் மொன்மாவைத் தத்துமகளாகப் பதிவு செய்தார். சொத்துக்கும் மருத்துவமனைக் கையெழுத்துக்கும் வேறு வழியில்லை. ஜப்பானின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர்களில் ஒருவர், தன் வாழ்க்கைத் துணையை மகள் என்று எழுதித்தான் காப்பாற்ற முடிந்தது. அவர்கள் வாழ்ந்த காமகுரா வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது. யூரியின் தாய் என்று நீங்கள் கொண்டாடும் எழுத்தாளரின் வாழ்வே கற்பியல்தான். அவர் வழியில் வந்த கதைகளை மட்டும் ஏன் களவியலோடு மூடுகிறீர்கள்?

இனி 2023 ஜூலைக்கு வருகிறேன். 'கன்டம்' என்ற ராட்சத ரோபோக் கதை வரிசையின் தொலைக்காட்சித் தொடர்களில் முதல்முறையாக ஒரு பெண் தலைமைப் பாத்திரம் ஏற்ற 'சுய்செய் நோ மாஜோ' அந்த மாதம் 2ஆம் தேதி முடிந்தது. முதல் எபிசோடிலேயே சுலெத்தாவும் மியோரினேயும் நிச்சயிக்கப்பட்டவர்கள் ஆகிறார்கள். நாம் இருவரும் பெண்களாயிற்றே என்று சுலெத்தா திகைக்க, இங்கே இது சாதாரணம் என்கிறாள் மியோரினே. இருபத்து நான்கு எபிசோடு கடந்து, மூன்றாண்டு கழித்து நடக்கும் கடைசிக் காட்சியில் இருவர் விரலிலும் மோதிரம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, குடும்பங்கள் பார்க்கும் நேரத்தில் அது ஒளிபரப்பானது. அன்று நான் அழுதேன், மகிழ்ச்சியில்.

சில வாரங்களில் ஓர் இதழில் சுலெத்தாவின் குரல் நடிகையின் பேட்டி வந்தது. அச்சுப் பிரதியில் அவர்கள் திருமணம் செய்துகொண்டது பற்றிய சொல் இருந்தது. மின்னிதழில் அந்தச் சொல் காணாமல் போயிற்று. ரசிகர்கள் கேட்டபோது, அது இதழாசிரியர் பக்கத்து ஊகம் என்றும், பார்ப்பவர் ஒவ்வொருவரின் புரிதலுக்கும் விட்டுவிடுவதாகவும் அதிகாரபூர்வ விளக்கம் வந்தது.

மறைபொருளுக்கு நான் எதிரியல்ல. 2018இல் நவோகோ யமதா இயக்கிய 'லிஸ் தோ ஆவோய் தோரி' படத்தில் மிசோரேக்கு நொசோமியின் மேல் இருப்பது என்ன என்று படம் பெயர் சொல்வதே இல்லை. நடையின் தாளத்தில், கூந்தலின் அசைவில், ஓபோ என்ற ஊதுகருவியும் புல்லாங்குழலும் ஒன்றையொன்று எட்ட முயலும் இசையில் அது இருக்கிறது. அந்தப் பெண்களுக்கே தெரியாததைப் படமும் சொல்லவில்லை. அது கலை. கதை முடிந்து, மோதிரமும் மாட்டி, ஊரே பார்த்த பிறகு அலுவலகத்திலிருந்து ஓர் அறிக்கை வந்து 'அவரவர் புரிதல்' என்பதை அதனோடு எப்படிச் சேர்ப்பது? ஒரு ஆணும் பெண்ணும் மோதிரம் அணிந்து நின்றிருந்தால் அந்த அறிக்கை வந்திருக்குமா?

2000ஆம் ஆண்டு வாக்கில் இந்த வேலையை வெளிநாட்டினர் செய்தார்கள். 'செய்லர் மூன்' தொடரின் ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள் என்பது ஜப்பானியப் பார்வையாளருக்குத் தெரிந்ததே. நவோகோ தகேஉச்சியின் மங்காவில் அவர்கள் செத்சுனாவோடு சேர்ந்து ஹோதாரு என்ற குழந்தையை வளர்க்கவும் செய்கிறார்கள். வட அமெரிக்க ஆங்கில ஒலிச்சேர்ப்பில் அவர்களை உறவுக்காரச் சகோதரிகளாக்கினார்கள். அதைச் சொல்லி இன்றும் உலகம் சிரிக்கிறது. சிறுமிகளுக்கான தொடரில் அன்று இருந்த துணிச்சல் இன்று ஓர் அறிக்கையில் இல்லாமல் போனது எனக்கு ஆறவில்லை.

ஒரு சொல்தானே என்று நீங்கள் எண்ணலாம். ஜப்பானில் இன்றும் ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அப்படி ஏற்காமல் இருப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் அதே நகரின் உயர் நீதிமன்றமும் அப்படியே சொன்னது. வேறு சில உயர் நீதிமன்றங்களும் தொடர்ந்தன. சட்டம் மாறவில்லை. மொன்மாவைத் தத்தெடுக்க வைத்த அதே இடைவெளி இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த நாட்டில் வாழும் பெண் ஒருத்திக்கு அந்த ஒற்றைச் சொல் அச்சில் இருப்பதும் அழிக்கப்படுவதும் சின்ன விஷயம் இல்லை.

முழுதாகக் காட்டினால் ஓடாது என்றும் சொல்ல முடியாது. 2018இல் வந்த 'அசகாவோ தோ கசே-சான்' ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம், திரையரங்கிலும் வெளியானது. பள்ளி முடிந்ததும் பிரிவு என்ற பழைய வழக்கத்தை உடைத்து, கசேயோடு தோக்கியோ போக அவள் காதலி யமதா ரயிலேறுகிறாள். அவர்களின் கல்லூரிக் கால வாழ்க்கையை மங்கா தொடர்ந்து சொன்னது. பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே, 'த்சுகுரிதாய் ஒன்னா தோ தபேதாய் ஒன்னா' மங்காவை 2022இலும் 2024இலும் இரண்டு சீசன்களாக நடிகர்களைக் கொண்டு எடுத்தது. வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். ஒருத்திக்குச் சமைப்பதில் ஆசை, மற்றவளுக்கு வயிறாரச் சாப்பிடுவதில். சீருடையும் பள்ளிக்கூட மாடியும் இல்லாமலே கதை நிற்கிறது. வேலைக்குப் போகும் பெண்களின் காதலுக்கு மங்காவில் தனிப் பிரிவே இருக்கிறது; அனிமேக்கு நீங்கள் தேர்ந்தெடுப்பது ஏனோ பெரும்பாலும் பள்ளிக் கதைகளையே. 2005இல் தொடங்கி இன்றுவரை வெளிவரும் 'காமிக் யூரி ஹிமே' இதழின் பழைய பிரதிகளைப் புரட்டினாலே உங்களுக்கு வேண்டிய கதைகள் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2024இல் 'சசாயகு யோ நி கோய் ஓ உதாவு' தொடரின் கடைசி இரண்டு எபிசோடுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போய் ஆண்டு இறுதியில்தான் வந்தன. தாமதத்துக்காக நான் வரைகலைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். நேரமும் பணமும் போதாமல் ஒரு தொடரைத் தொடங்கிவைத்தால் சுமை அவர்கள் முதுகில்தான் விழும். யூரி என்றால் சிறிய பட்ஜெட் போதும், ரசிகர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்ற எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள்.

நான் கேட்பவை இவைதான். மூலக்கதை முடிந்துவிட்ட யூரி மங்காவைத் தொடங்கும்போதே முடிவு வரைக்கும் திட்டமிடுங்கள். தொலைக்காட்சிக்குப் பணம் போதாவிட்டால் கசே-சான் போல ஒரு மணி நேரப் படமாவது எடுங்கள். எழுத்தாளர்கள் மோதிரம் வரைந்தால் அதற்கு விளக்க அறிக்கை வேண்டாம். முப்பது வயதுப் பெண்களின் கதை ஒன்றையாவது தேர்ந்தெடுங்கள்.

இவற்றில் முதலாவதை 'யாகாதே கிமி நி நாரு' தொடரிலிருந்தே தொடங்கலாம். எட்டில் ஏறக்குறைய ஐந்து பாகங்கள் திரைக்கு வந்துவிட்டன. மிச்சக் கதை 2019 முதல் அச்சில் இருக்கிறது. நாடகம் மேடையேற வேண்டும். யூ தன் காதலைச் சொல்ல வேண்டும். அவர்கள் கல்லூரிக்குப் போக வேண்டும். அறிவிப்பு வரும் நாளில் டிக்கெட்டுக்கும் சந்தாவுக்கும் பணம் கட்ட இங்கிருந்தும் ஆட்கள் வருவோம்.

அன்புடன்,
ஒரு யூரி வாசகி