வாய்க்கால், வேலிப் புதர் சுத்தம்: 27 ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம்.

நம் மாதவரம் குடியிருப்பின் பின்பக்க மழைநீர் வாய்க்காலையும் வேலிப் புதரையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுத்தம் செய்தாக வேண்டும். செப்டம்பர் 27, ஞாயிறு, காலை 6.30.

1. வாய்க்காலுக்கு ஜேசிபி. மணிக்கு 1,400 ரூபாய், குறைந்தது 3 மணி நேரம். ஆள் வைத்து அள்ளினால் 6 பேர், 2 நாள், 12,000 ரூபாய். ஆனால் மூன்றாவது தெரு முனையில் குடிநீர்க் குழாய் மேலாகவே போகிறது. அந்தப் பத்தடிக்கு மண்வெட்டிதான்.

2. அள்ளிய சேற்றைக் கரையில் விட்டால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே இறங்கிவிடும். அன்றே அகற்ற டிராக்டர், 2 நடை, 3,000.

3. வேலியில் பாதி சீமைக் கருவேலம். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். அதற்கு 2 ஆள், 2,000. முள் செருப்பைத் துளைக்கும்; உதவ வருபவர்கள் ஷூ போட்டு வாருங்கள். மருதாணியில் மட்டும் கை வைக்காதீர்கள், இரண்டாவது தெரு அக்காக்கள் விடமாட்டார்கள்.

4. வெட்டியதை எரிக்க வேண்டாம். குவித்து வையுங்கள், மாநகராட்சிக்கு 1913-இல் சொல்லிவிடலாம்.

5. சாக்கடைக் குழிக்குள் யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம்.

6. பின்பக்கம் நிற்கும் வண்டிகளைச் சனி இரவே எடுத்துவிடுங்கள்.

டீ, இட்லிக்கு 1,000 சேர்த்து மொத்தம் 10,200. 34 வீடு, வீட்டுக்கு 300. வியாழக்குள் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டு எண்ணோடு 'வருகிறேன்' அல்லது 'பணம் மட்டும்' என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் சேராது.