போன் நம்பர் சொன்னால்தான் பில்லா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் பேத்திக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் பெரிய கடை ஒன்றுக்குப் போனேன். 150 ரூபாய் பாட்டில். பில் போடுகிற பெண் தலை நிமிராமலே "நம்பர் சொல்லுங்க" என்றது. எதுக்கும்மா என்றேன். "நம்பர் போட்டாத்தான் சார் அடுத்த ஸ்கிரீனுக்குப் போகும்" என்றது. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், ஒருத்தர் உச்சுக் கொட்டுகிறார், சரி போகட்டும் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று மெசேஜ் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வீட்டுக் கடன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு. அது அந்தக் கடையால் வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா, சத்தியம் பண்ண முடியாது. யாராலும் முடியாது, அதுதான் பிரச்சினையே.

இதைப் புகாராக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. நானும் கடைக்காரன்தான். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நைட்டி, பாவாடை, குழந்தைத் துணி விற்கிற சின்னக் கடை. இதே காரியத்தை, இதைவிட மோசமாகவே, நானும் செய்திருக்கிறேன். அதையும் சேர்த்து எழுதுகிறேன், இடமிருந்தால் போடுங்கள்.

எங்கள் காலத்து விளம்பரம் என்றால் பிட் நோட்டீஸ். தீபாவளிக்கு 20 நாள் இருக்கும்போது ரோஸ் கலர் தாளில் 5,000 அடிப்போம். விடிகாலை நாலு மணிக்குப் பேப்பர் கட்டு வந்து இறங்குகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், பேப்பர் போடுகிற பையன்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து உள்ளே செருகச் சொல்வோம். உங்கள் பேப்பருக்குள்ளும்தான் சார், எத்தனையோ வருஷம் எங்கள் நோட்டீஸ் இலவசமாகப் பயணம் செய்திருக்கிறது. 5,000-இல் பாதி பஜ்ஜி மடிக்கப் போகும், தெரிந்தேதான் அடிப்போம். ஆனால் அந்த ரோஸ் தாளில் ஒரு நல்ல குணம் இருந்தது, அன்றைக்குப் புரியவில்லை. அது யார் வீட்டுக்குப் போனது, அந்த வீட்டில் யார் படித்தார்கள், எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்று என்னிடம் திரும்பி வந்து கோள் சொல்லாது. பிடிக்காதவர் கசக்கிப் போடுவார், அதோடு போச்சு.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. இரண்டும் சேர்ந்து ஆறே மாதத்தில் எங்கள் சந்தையே வேறு மாதிரி ஆக்கிவிட்டன. கல்லாப்பெட்டி மேல் யுபிஐ ஸ்டிக்கர் ஒட்டினோம். வாடிக்கையாளர்கள் கடைக்குள் நின்றபடியே நைட்டியைப் படம் பிடித்து எண்ணூரில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பி, அக்கா ஓகே சொன்ன பிறகு வாங்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் என் எதிரில் இருப்பவரிடம் மட்டும் பேசினால் போதும், இப்போது கண்ணுக்குத் தெரியாத அக்காவையும் சேர்த்து மசிய வைக்கவேண்டும். 2018-இல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்ததும் தம்பி மகன் அதில் கடையை ஏற்றினான். அப்புறம் டிக்டாக். பயல் கடை பொம்மைக்கு நைட்டி மாட்டி ஆட்டம் போடவைத்து வீடியோ எடுப்பான், எனக்குத் தலைகுனிவாக இருக்கும், ஆனால் கொடுங்கையூர், மணலியிலிருந்தெல்லாம் "அந்த பொம்மை கடை இதானே" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். 2020 ஜூன் 29-ஆம் தேதி ராத்திரி அரசாங்கம் டிக்டாக்கைத் தடை செய்தது. இரண்டு வருஷமாகச் சேர்த்த கூட்டம் கொஞ்ச நாளில் காணோம். வாடகை வீட்டுக்கு வெள்ளை அடித்த கதை. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, பொம்மை அங்கே குடிபோனது.

ரீல்ஸ்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, இங்கேயே போட்டுவிடுகிறேன். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்பது என்ன வியாபாரம்? எங்கள் ரோட்டில் "எவ்ளோ?" என்று கேட்டால் நடக்கிற வேகத்திலேயே பதில் வரும், அதில் பாதிக்குக் கேட்பீர்கள், நான் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன், கடைசியில் ஒரு இடத்தில் முடியும். விலையைக் காதோடு காதாகச் சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆளுக்கு ஒரு விலை சொல்லத்தானே இன்பாக்ஸ்?

காசு கொடுத்துச் செய்கிற விளம்பரத்தையும் ஒரு தடவை பார்த்தோம். கடையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வட்டம் போடு, அதற்குள் இருக்கிற பெண்களுக்கெல்லாம் விளம்பரம் போகும் என்றான் பையன். போட்டுக் காட்டினான். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வங்காள விரிகுடாவில் கிடக்கிறது. மீதி இரண்டு பங்கிலும் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எங்கே இருக்கிறது என்று அந்த வட்டத்துக்குத் தெரியாது. கேட் மூடினால் அந்தப் பக்கத்திலிருந்து யார் நைட்டி வாங்க வருவார்கள்? 500 ரூபாய்க்கு 300 லைக் வந்தது. வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், ஒரு கைவிரலுக்குள் அடக்கம்.

இதே போனை எப்படி வைத்து வியாபாரம் பண்ணவேண்டும் என்று எனக்குக் காட்டியது, எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு மீன்கார அக்காதான். எழுதப் படிக்கத் தெரியாது. விடியலில் காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்ததும், ஒரு மீனின் செவுளைக் கட்டைவிரலால் விரித்துச் சிவப்புத் தெரிகிற மாதிரி ஒரு படம், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "சங்கரா வந்துகீது, பால் சுறா வந்துகீது, வேணும்னா ஏழு மணிக்குள்ள சொல்லிடு கண்ணு." தெருவில் கூவிய அதே குரல், தொண்டைக்கு மட்டும் ஓய்வு. ஒரு தடவைக்கு ஐந்து பேருக்குத்தான் ஃபார்வர்டு போகும், அதனால் ஐந்து ஐந்தாகத் தள்ளும். குரூப் போட்டால் ஒரே தட்டில் முடியுமே என்று கேட்டேன். "ஐய, புரட்டாசில கவிச்சி தொடாதவங்க கீறாங்க, சாவு வூடு கீது, அல்லாருக்கும் ஒண்ணா மீன் படத்த காட்ட முடியுமா?" என்றது. யார் வீட்டில் மாலை போட்டிருக்கிறார்கள், யார் வீட்டில் மருமகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பால் சுறா புட்டு கேட்பார்கள், எல்லாம் மனப்பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அந்த 61 நாளும் பெரும்பாலும் கருவாட்டுப் படம்தான். அந்த போனில் உள்ள நம்பர் ஒவ்வொன்றும், வீட்டுக்காரர்களே கூப்பிட்டுக் கொடுத்தது. கோடி கோடியாகக் கொட்டி ஆளுக்கு ஏற்ற விளம்பரம் என்று கம்பெனிகள் செய்வதும் இதுதான் என்கிறார்கள், ஆனால் அந்த அக்காவுக்குத் தெரிந்தது அந்த வீடுகள் சொன்ன அளவு மட்டும்தான், மேற்கொண்டு எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது என் கதை. நானும் ஒரு நீள நோட்டு வைத்து "புது ஸ்டாக் வந்தா சொல்றேன்" என்று கேட்டுக் கேட்டு நம்பர் வாங்கினேன், அதில் தப்பில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம், வியாபாரம் படுத்திருந்த நேரம், ஒருத்தர் பென்டிரைவோடு வந்தார். வடசென்னைப் பெண்கள் நம்பர் 4,000, விலை 2,000 ரூபாய். பேரம் பேசி 1,200-க்கு வாங்கினேன். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. தம்பி மகன் ஏதோ சாப்ட்வேர் வைத்து, "ஹாய் டியர், உங்களுக்காகவே ஆடித் தள்ளுபடி" என்று எல்லோருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அனுப்பினான்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள், முப்பது வயது இருக்கும், கூடவே புருஷன். அவன்தான் பேசினான். போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இந்த நம்பர் உனக்கு யாரு குடுத்தா?" என்றான். மெசேஜில் கடை பெயர் கடைசி வரியில்தான் இருந்தது, மேலே தெரிந்ததெல்லாம் ராத்திரி பத்தரை மணி "ஹாய் டியர்" மட்டும். இரண்டு நாளாக அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் ஜவுளிக்காரன்பா, விளம்பரம்பா என்று பென்டிரைவை எடுத்துக் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது கடையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அன்றே எல்லாவற்றையும் அழித்தோம். நோட்டில் இருந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு, வேண்டும் என்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். 212 பேர் தேறினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பில்லுக்கு என்று வாங்குகிற நம்பர் சின்ன விஷயமில்லை. 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போட போன் நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வியாபாரிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. விளம்பர மெசேஜே வேண்டாம் என்பவர்கள் 1909-க்கு அழைத்துச் சொல்லலாம், அதில் பதிந்தும் தொல்லை வந்தால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம். இதெல்லாம் எங்கள் ரோட்டில் பத்துக் கடைக்கு ஒரு கடைக்காரருக்காவது தெரியுமா என்பது சந்தேகம், வாங்க வருகிறவர்களுக்கு அதைவிட. நீங்கள் தமிழில் இதைப் பெரிதாகப் போடவேண்டும், உள்பக்கத்தில் மூலையில் போடாதீர்கள். வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் பொங்கல் காலண்டர் அடிக்கிற செலவில் "நம்பர் கட்டாயமில்லை" என்று கடைக்கு ஒரு அட்டை அடித்துக் கொடுக்கலாம். பில்லிங் சாப்ட்வேர் போட்டுக் கொடுக்கிறவர்களிடம், நம்பர் இல்லாமலும் அடுத்த ஸ்கிரீனுக்குப் போகிற மாதிரி செய்யச் சொல்லலாம்.

அந்தப் பெரிய கடைக்கு நேற்று மறுபடி போனேன், பாட்டில் மூடியில் ஒழுகியது, மாற்றவேண்டியிருந்தது. கூடவே ஒரு டிபன் பாக்ஸ் எடுத்தேன். அதே பெண். "நம்பர்?" சொல்லமாட்டேன்மா, கட்டாயமில்லைன்னு அரசாங்கமே சொல்லியிருக்கு என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தது. ஒரு நொடி யோசித்தது. அப்புறம் ஒன்பதாம் நம்பர் பட்டனைப் பத்துத் தடவை தட்டியது. பில் வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக் கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.